ராங்கிக்குக் கீழே ஒரு கொக்கு

2020 ஆம் ஆண்டு யூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொரோனாவுக்காகப் பூட்டிக் கிடந்த லண்டன் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. நானும் சவுத்தாலில் என் வீட்டுப் பின்வளவில் நாலு மாதமாகத் திறக்காத கராஜைத் திறந்தேன். உள்ளே என்னுடைய பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் தூசி பிடித்து நின்றது. துடைத்துவிட்டு, ராங்கிக்குள் ஐந்து லீற்றர் பெற்றோல் விட்டேன். மூடியைப் பூட்டி முடிக்கவில்லை, கீழே சத்தம் கேட்டது. சொட்டு... சொட்டு... பிறகு சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி இல்லாமற்போய் நூலாக ஓடத் தொடங்கியது.

நான் குனிந்து இரண்டு உள்ளங்கைகளாலும் அதை ஏந்தினேன். அது மடைத்தனம் என்று எனக்குத் தெரியும். பெற்றோலைக் கையில் ஏந்தி என்ன செய்வது? ஆனாலும் கை முதலில் போய்விட்டது. பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டேன்.

"கெதியா ஒரு ஜாம் போத்தல் கொண்டுவாரும்!"

"வாளி கிடக்கு, வாளியைக் கொண்டு வாறன்."

"வாளி வேண்டாம். ஜாம் போத்தல்!"

அவள் இரண்டையும் கொண்டுவந்தாள். ஏன் ஜாம் போத்தல் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நேரம் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மெல்ல யோசித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் ராங்கிக்குக் கீழே எப்போதும் ஜாம் போத்தல்தான் வைத்தோம்.

அப்பாவிடமும் ஒரு பி.எஸ்.ஏ. இருந்தது. பி 31 என்ற ரகம், 350 சி.சி., 1945 இலிருந்து 1959 வரை பேர்மிங்காமில் செய்தார்கள். பி.எஸ்.ஏ. என்பது துவக்குச் செய்கிறவர்கள் 1861 இல் கூடித் தொடங்கிய கம்பனி. அதன் சின்னமே ஒன்றில் ஒன்று சாத்தி வைத்த மூன்று துவக்குகள். மோட்டார் சைக்கிள் பின்னால் வந்தது. பொதுவேலைத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்த அப்பா 1961 இல் அதை வாங்கினார். அது ஏற்கெனவே பாவித்த வண்டி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவர் மேற்பார்வை செய்த ரோட்டெல்லாம் அதிலேதான் ஓடினார்.

அதன் ராங்கிக்கு அடியில், இரண்டு பக்கமும், பித்தளையில் இரண்டு குழாய் பூட்டியிருக்கும். ஒன்று வழமைக்கு, மற்றது ரிசேர்வுக்கு. பெற்றோலைத் திறப்பதும் பூட்டுவதும் அதில்தான். ஆங்கிலத்தில் கொக், யாழ்ப்பாணத்து வாயில் கொக்கு. எங்கள் ஊரும் கொக்குவில். "கொக்கைப் பூட்டினியோ?" என்று அப்பா இரவில் கேட்கும்போது, உள்ளே ஒரு பறவை நிற்கிறது, பூட்டாவிட்டால் இரவோடிரவாகப் பறந்து வயலுக்குப் போய்விடும் என்றுதான் நான் ஐந்து வயதுவரை நம்பியிருந்தேன். குனிந்து குனிந்து பார்ப்பேன். கொக்கைக் காணவில்லை. ஒரு துளி பெற்றோல் மட்டும் சில நாட்களில் தொங்கிக்கொண்டு நிற்கும்.

அந்தக் குழாய் மிகவும் எளிமையான சாமான். பித்தளை உடம்பு, அதற்குள் குறுக்கே போகும் ஒரு தண்டு, தண்டின் நடுவில் ஒரு தக்கைத் துண்டு. தண்டை இழுத்தால் தக்கை விலகிப் பெற்றோல் ஓடும். தள்ளினால் தக்கை வந்து துவாரத்தை அடைக்கும். அவ்வளவுதான். போத்தல் மூடுகிற அதே தக்கை. போர்த்துக்கல் பக்கம் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. 1665 இல் றொபேட் ஹூக் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, சின்னச் சின்ன அறைகளாக இருக்கிறதென்று பெயர் வைத்தாரே, நாங்கள் உயிரியலில் 'கலம்' என்று படித்தது, அது முதன்முதலில் கண்டது இந்தத் தக்கையில்தான். காற்றடைத்த அந்தக் கலங்கள்தான் நெருக்கினால் நெருங்கி, விட்டால் விரிந்து, ஓட்டையை மூடுகின்றன.

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கியது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, உரம் என்று தடைசெய்த சாமான்களின் பட்டியல் நீண்டது. அந்த நாட்களை இதை வாசிக்கிற பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அப்பா ஹாண்டிலில் ஒரு சின்னப் போத்தலைக் கட்டி, அதிலிருந்து ஒரு சேலைன் ரியூப்பைக் காபரேற்றருக்கு இறக்கியிருந்தார். போத்தலுக்குள் பொன்போல வைத்திருந்த கொஞ்சப் பெற்றோல். அதில் நாலு துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் கொக்கைத் திறந்து ராங்கியிலுள்ள மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு போகும். ரோட்டு முழுக்க, ஊதி அணைத்த விளக்கின் மணம்.

ஆனால் மண்ணெண்ணெயும் லேசாகக் கிடைத்த சாமான் அல்ல. சங்கக் கடையில் கார்டுக்கு அளந்து கொடுப்பது. வெளியில் வாங்கினால் விலை தொட முடியாது. ஓட்டமும் குறைந்துவிட்டது. கிழமைக்கு ஒருதரம், பத்து நாளைக்கு ஒருதரம். அந்தக் காலத்தில்தான் கொக்கு ஒழுகத் தொடங்கியது.

"இஞ்சருங்கோ, உங்கடை மோட்டச்சைக்கிள் ஒரு இரவிலை குடிக்கிற எண்ணெயிலை நான் மூண்டு நாள் விளக்குக் கொளுத்துவன்" என்று அம்மா சொன்னா. சொல்லிவிட்டு ஒரு ஜாம் போத்தலைக் கொண்டுபோய் ராங்கிக்குக் கீழே வைத்தா. காலையில் அதில் அரைவிரல் உயரத்துக்கு எண்ணெய் நிற்கும். அதை அப்படியே விளக்குக்கு ஊற்றுவா. விளக்கும் ஜாம் போத்தல்தான். அடியில் கொஞ்சப் பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், சைக்கிள் வால்வுக் குழாயில் செருகிய திரி. தங்கச்சி அதற்கு முன்னால் புத்தகத்தை விரித்துக்கொண்டு இருப்பாள்.

எனக்கு இந்தச் சொட்டு பொறுக்கவில்லை. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியில் கொஞ்சம் படித்திருந்தேன். அதனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. 1993 இல் நான் கிளாலியால் வெளிக்கிட ஆயத்தமான கிழமை அப்பா, "தம்பி, போகமுதல் உந்தக் கொக்கை ஒருக்காக் கழட்டிப் பாத்துச் செய்துவிட்டிட்டுப் போ" என்றார். எனக்கு மனம் அதில் இல்லை. பயண ஒழுங்கு, காசு, இரவில் நேவியின் கண்ணில் படாமல் கடலைக் கடக்கிற பயம். அத்தோடு தக்கைக்கு எங்கே போவது? நான் சொன்னேன்: "அப்பா, கொக்கிலை கைவைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ஓடி முடிய ராங்கியை முழுக்க வடிச்சுப் போத்திலிலை விட்டு வையுங்கோ. ராங்கியிலை எண்ணெய் இல்லாட்டி என்னத்தை ஒழுகிறது?"

புத்திசாலித்தனமான யோசனை என்று எனக்குப் பட்டது. அம்மாவுக்கும் பிடித்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினார்.

லண்டனுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை பெற்றோல் ஷெட்டில். இரவு வேலை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்குவது. சனங்கள் நாற்பது லீற்றர், ஐம்பது லீற்றர் என்று அடித்துவிட்டுப் போவார்கள். குழாயைத் திருப்பிக் கொழுவும்போது நிலத்தில் நாலு துளி சிந்தும். அந்த நாலு துளியில் அப்பாவின் என்ஜின் ஸ்ரார்ட் ஆகிவிடும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். பழகப் பழக நினைப்பு நின்றுவிட்டது.

1995 ஒக்ரோபர் 30, திங்கட்கிழமை. அன்று இரவும் நான் வேலையில் நின்றேன். வலிகாமம் முழுவதையும் உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கியில் சொன்னதும், இலட்சக்கணக்கில் சனம் மழைக்குள் ஒரே ரோட்டில் இறங்கியதும் எனக்குப் பிறகுதான் தெரியும். நேரக் கணக்கில் பார்த்தால், அவர்கள் செம்மணியில் நகர முடியாமல் நின்ற வேளையில் நான் கவுண்டரில் இருந்து பெற்றோல் விற்றுக்கொண்டிருந்திருப்பேன்.

என்ன நடந்ததென்பதைத் தங்கச்சி எனக்கு 2003 இல்தான் முழுமையாகச் சொன்னாள். ஏ9 பாதை 2002 இல் திறந்தபின் நான் முதன்முறையாக ஊருக்குப் போயிருந்தேன். கடிதங்களில் அப்பா ஒருநாளும் எழுதாத கதை.

அறிவித்தல் கேட்டதும் அப்பா முதலில் யோசித்தது அப்பாச்சியைப் பற்றி. அப்பாச்சிக்கு அப்போது எண்பத்தாறு வயது. நடக்க முடியாது. அப்பா போத்தல்களில் சேர்த்து வைத்திருந்த மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் ராங்கிக்குள் விட்டார். மூன்று லீற்றர் வருமாம். அப்பாச்சியைப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு சாவகச்சேரிக்குப் போய்விட்டு வந்து மற்றவர்களை ஏற்றுவது யோசனை. விட்ட எண்ணெய் இரண்டு கொக்காலும் தண்ணீராக ஓடியது. அப்பா சவர்க்காரம் கேட்டார். பெற்றோலும் மண்ணெண்ணெயும் சவர்க்காரத்தைக் கரைக்காது. அதனால் ஒழுகும் இடத்தில் அதைப் பிசைந்து அப்புவது பழைய வித்தை. அம்மா ஒளித்து வைத்திருந்த கடைசிச் சன்லைற் துண்டைக் கொடுத்தா. ஒரு பக்கம் ஓரளவு நின்றது. மற்றப் பக்கம் நிற்கவில்லை. தண்டு வழியாக வருகிறதற்கு வெளியில் அப்பி என்ன பயன்? இருட்டு, மழை, பக்கத்து வீடுகள் வெறுமையாகிக்கொண்டிருந்தன. கடைசியில் அப்பாச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, அப்பா ஹாண்டிலைப் பிடிக்க, தங்கச்சி பின்னால் தாங்க, அம்மா பையோடு நடக்க, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து கைதடிக்குப் போய்ச் சேர அடுத்த நாள் பின்னேரமாகிவிட்டது. அப்பாச்சி சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் மூன்று கிழமை கிடந்து செத்துப்போனா.

புறப்படுவதற்கு முன் அப்பா ஒரு காரியம் செய்திருக்கிறார். மோசமாக ஒழுகிய கொக்கை ஸ்பனரால் கழற்றித் துடைத்துச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். தென்மராட்சியில் எங்காவது தக்கை கிடைத்தால் செய்து கொண்டுவந்து பூட்டி, மோட்டார் சைக்கிளை எடுக்கலாம் என்று எண்ணியிருக்கிறார். 1996 இல் திரும்பி வந்தபோது மோட்டார் சைக்கிள் இல்லை. கொக்கு மட்டும் மிஞ்சியது.

2003 இல் நான் திரும்பப் புறப்படும் நாள் அப்பா அதைப் பேப்பரில் சுற்றித் தந்தார். "அங்கை தக்கை கிடைக்கும். செய்து வை" என்றார். வண்டி இல்லாத கொக்கைச் செய்து என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அது சவுத்தாலில் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. 2011 இல் அப்பா காலமானார். 2015 இல், அறிந்தவர் ஒருவர் மூலமாக, 1954 ஆம் ஆண்டு பி 31 ஒன்று விலைக்கு வந்தபோது நான் ஏன் அதை வாங்கினேன் என்று மனைவி கேட்டாள். "மலிவு" என்றேன். மலிவல்ல.

இப்போது மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நான் ஜாம் போத்தலை மாற்றி மாற்றி வாளிக்குள் ஊற்றிக்கொண்டிருக்க, வேலிக்கு அப்பால் ஒரு தலைப்பாகை தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சீக்கியப் பெரியவர். எண்பதை எட்டிக்கொண்டிருந்தார். ஜலந்தர் பக்கத்திலிருந்து அறுபதுகளில் வந்தவர். சவுத்தால் விண்ட்மில் லேனில் இருந்த ஏ.ஈ.சி. தொழிற்சாலையில், 1979 இல் அதை மூடும்வரை வேலை செய்தவர். லண்டனின் சிவப்பு பஸ்களுக்கு என்ஜினும் சட்டமும் செய்த இடம் அது. லண்டனில் ஓடிக் களைத்த இரட்டைத்தட்டு பஸ்களை இலங்கைப் போக்குவரத்துச் சபை நூற்றுக்கணக்கில் வாங்கிக் கொழும்பில் ஓடவிட்டதே, அவற்றில் சில இங்கே பிறந்தவைதான் என்று நான் ஒருமுறை அவருக்குச் சொன்னபோது அவருக்குச் சரியான சந்தோசம். அன்றிலிருந்து என்னைப் 'புத்தர்' என்று கூப்பிடுவார். பஞ்சாபியில் 'மகனே' என்று அர்த்தமாம். இலங்கையிலிருந்து வந்த தமிழனுக்கு அந்தப் பெயர் பழக ஒரு வருசம் எடுத்தது.

"புத்தர், தெரு முழுக்க மணக்கிறது. என்ன செய்கிறாய்?"

சொன்னேன்.

"எவ்வளவு நாள் ராங்கி வெறுமையாகக் கிடந்தது?"

"மார்ச்சிலிருந்து. ஒழுகிவிடும் என்று முழுக்க வடித்துவிட்டுத்தான் பூட்டினேன்."

அவர் சிரித்தார். "வடித்ததாலேதான் ஒழுகுது. அதற்குள் இருப்பது தக்கை. நனைந்துகொண்டே இருந்தால் ஊறிப் பருத்து அடைத்துக்கொண்டிருக்கும். காயவிட்டால் சுருங்கிப்போகும். ராங்கியை வடித்து வைக்கச் சொல்லி உனக்கு எந்த மடையன் சொன்னான்?"

நான் பதில் சொல்லவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தக்கை தேயவில்லை. தேய்ந்ததென்றுதான் இருபத்தேழு வருசமாக நான் நினைத்திருந்தேன். கிழமையில் ஆறு நாள் ஓடிய காலத்தில் அது ஒழுகவில்லை. ஓட்டம் குறைந்தபோது கொஞ்சம் காய்ந்து கசியத் தொடங்கியது. அந்த நேரத்தில், ஒவ்வொரு முறையும் முற்றாக வடித்துவிடுங்கள் என்று நான் சொல்லிவிட்டுக் கிளாலிக்குப் போனேன். இரண்டரை வருசம் அவர்கள் வடித்தார்கள். இரண்டரை வருசம் தக்கை காய்ந்தது. எந்த நாளைக்கென்று எண்ணெயைச் சேர்த்தார்களோ, அந்த நாளில் அது அவ்வளவும் நிலத்தில் ஓடியது.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. விடிய நாலு மணிக்குத் தங்கச்சிக்கு ரெலிபோன் எடுத்தேன். அங்கே காலை எட்டரை. அவள் இப்போது ஆசிரியை. பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால் வீட்டில் இருந்தாள். நான் கொக்கு, தக்கை, சர்தார்ஜி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அப்பாச்சியின் சாவுக்கு நான்தான் காரணம் என்றும் சொன்னேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அண்ணை, உதுக்கோ இந்த நேரம் எடுத்தனீங்கள்? ஆருக்கோ ஏதோ எண்டு பயந்துபோனன்" என்றாள். பிறகு சொன்னாள்: "நீங்கள் சொல்லாட்டிலும் நாங்கள் வடிச்சிருப்பம். விளக்குக்கு எண்ணெய் வேணுமே. அம்மா சும்மா விட்டிருப்பாவே? ராங்கியாலை வடிச்ச எண்ணெயிலைதான் நான் 94 இலை ஏ.எல். எடுத்தனான்."

"அந்த இரவு..."

"அந்த இரவு மோட்டச்சைக்கிள் ஓடியிருந்தாலும் எங்கை போறது? கால் வைக்க இடமில்லை. சைக்கிளே உருளேல்லை, தூக்கித் தூக்கித்தான் வைச்சனாங்கள். மோட்டச்சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வந்த சனம் பாதியிலை விட்டிட்டு நடந்தது. நீங்கள் அங்கை நிக்கேல்லை. உங்களுக்கு அது விளங்காது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது என்ற குரலில் சொன்னாள்.

"அப்பாவுக்குத் தெரியுமோ? தக்கை காஞ்சுதான் ஒழுகினதெண்டு?"

"முப்பது வருசம் அந்த மோட்டச்சைக்கிளோடை கிடந்த மனிசனுக்குத் தெரியாதோ? வடிக்கேக்கை ஒவ்வொரு முறையும், 'தக்கை காயப் போகுது' எண்டு சொல்லிச் சொல்லித்தான் வடிச்சவர். எனக்குப் படிக்க வெளிச்சம் வேணுமெண்டு வடிச்சவர்."

ரெலிபோனை வைத்தபிறகு நெடுநேரம் இருந்து யோசித்தேன். வந்துவிட்டவர்களுக்கு ஒரு நோய் உண்டு. நான் அங்கே நின்றிருந்தால், நான் அதைச் செய்திருந்தால், நான் அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால்... என்று எல்லாவற்றுக்கும் நடுவில் எங்களைக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறோம். அதைக் குற்றவுணர்வு என்று சொல்லிக்கொள்கிறோம். அதற்குள் கொஞ்சம் பெருமையும் ஒளிந்திருக்கிறது. நான் ஒரு சொல் சொல்லிவிட்டு வந்ததால் ஒரு குடும்பத்தின் கதை மாறிவிட்டது என்ற பெருமை. நின்றவர்கள் தங்களுக்கு முன்னால் இருந்ததைப் பார்த்து, எண்ணெயை எங்கே விடுவது, ராங்கிக்கா விளக்குக்கா என்று தாங்களே முடிவு செய்தார்கள். நான் போட்ட திட்டத்தில் அவர்கள் வாழவில்லை.

அடுத்த ஞாயிறு சர்தார்ஜி வேலிக்கு அப்பால் கதிரை போட்டு இருந்து சொல்லச் சொல்ல, நான் கொக்குகளைக் கழற்றினேன்.

முதலில் எந்த இடத்தால் ஒழுகுகிறதென்று பார்க்க வேண்டும். ராங்கியோடு குழாய் சேரும் புரியாலா, தண்டு வழியாகவா? நன்றாகத் துடைத்துவிட்டு ஏதாவது வெள்ளைத் தூளைத் தடவினால் ஈரம் எங்கே தொடங்குகிறதென்று கோடு காட்டும். அவர் பேபி பவுடர் என்றார். வீட்டில் இல்லை. மேற்கு ஈலிங் அம்மன் கோயில் திருநீறு இருந்தது. கொக்குக்கு மூன்று குறி இழுத்தேன். தண்டு வழியாகத்தான்.

புரியால் ஒழுகினால் வோஷரை மாற்ற வேண்டும். பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை ரேப்பைச் சுற்றக்கூடாது. அதன் பிசிறு கழன்று போய்க் காபரேற்றரை அடைத்துவிடும். தண்டு வழியென்றால் தக்கை. பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியைக் கழற்றினால் தண்டு வெளியே வரும். தண்டு இரண்டு துண்டாகத் திருகிச் சேர்ந்திருக்கும், நடுவில் தக்கை. சிறிய ஒழுக்கென்றால் அந்தத் திருகைச் சற்று இறுக்கினாலே போதும். தக்கை நெருங்கி அகலும். மிகவும் காய்ந்திருந்தால் கழற்றிக் கொதிதண்ணீரில் சில நிமிடம் போட வேண்டும். போர்த்துக்கல்லிலும் பட்டையை உரித்தபின் வேகவைத்துத்தான் விரிய வைப்பார்களாம். இடது பக்கத் தக்கையை மனைவியின் தேத்தண்ணிக் கேத்திலில் கொதித்த தண்ணீரில் போட்டேன். சுருங்கிக் கறுத்துக் கிடந்தது பத்து நிமிடத்தில் ஊறிப் பருத்து எழும்பியது. பூட்டிப் பார்த்தோம். ஒரு துளி இல்லை.

வலது பக்கத்துத் தக்கை கையில் எடுத்ததும் தூளாகிவிட்டது. தண்டும் அரித்துப்போய் இருந்தது. "வேறு கொக் இருக்கா?" என்று சர்தார்ஜி கேட்டார்.

நான் உள்ளே போய் லாச்சியைத் திறந்தேன். அப்பா சுற்றித் தந்த பேப்பர் மஞ்சளாகியிருந்தது. கொக்கின் ஒரு மூலையில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். சன்லைற் சவர்க்காரம்.

அதன் தக்கை போய்விட்டது, ஆனால் தண்டு நல்ல நிலையில் இருந்தது. பழைய மோட்டார் சைக்கிள்காரருக்குச் சாமான் விற்பவரிடம் புதுத் தக்கை எடுப்பித்தேன். ஒரு கிழமையில் தபாலில் வந்தது. ராங்கியின் புரி பிரித்தானியக் குழாய்ப் புரி, கால் அங்குலம் என்று பெயர். அளந்து பார்த்தால் அரை அங்குலத்துக்கும் கூட. பதின்மூன்று மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் அதிகம். உள்ளே போகும் குழாயின் அளவை வைத்துப் பெயரிட்டதால் இந்தக் குழப்பம். ஆனால் அளவு மாறாது. பேர்மிங்காமில் ஒரே காலத்தில் வெட்டிய புரி. கொக்குவிலில் ஒன்றும் சவுத்தாலில் ஒன்றுமாகக் கிடந்தவை, கையால் திருகவே இலேசாக ஏறின.

"இனி வடிக்காதே" என்றார் சர்தார்ஜி. "ஓடாவிட்டாலும் ராங்கியில் கொஞ்சம் இருக்கட்டும். கிழமைக்கு ஒருதரம் திறந்து பூட்டு."

அன்றிலிருந்து அப்படித்தான். 2021 செப்ரெம்பரில் இங்கே வழமையான பெற்றோலில் பத்து வீதம்வரை எதனோல் கலக்கத் தொடங்கியபிறகு, பழைய வண்டிகளுக்குக் கூடாதென்று ஐந்து வீதத்துக்குள் உள்ள விலைகூடியதை வாங்கி விடுகிறேன். தக்கைக்குப் பதில் ரப்பர் வளையம் போட்ட புது மாதிரிக் கொக்கு வாங்கலாம், காய்ந்து சுருங்காது என்று சிலர் சொல்கிறார்கள். சரியான யோசனைதான். ஆனால் நான் மாற்றவில்லை. தக்கை போட்டால் கிழமைக்கு ஒருதரமாவது போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜைத் திறந்ததும் முதலில் குனிந்து நிலத்தில் விரித்திருக்கும் பேப்பரைப் பார்ப்பேன். ஈரமில்லையென்றால் கொக்கைத் திறந்து பூட்டிவிட்டு, தங்கச்சிக்கு ரெலிபோன் எடுப்பேன். இப்போது நேரம் பார்த்துத்தான் எடுக்கிறேன். அவள் கேட்கும் முதற் கேள்வி:

"என்ன அண்ணை, கொக்கு நிக்குதோ?"

"நிக்குது."